சிவரஞ்சனி ஜாஸில் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூரில் என் வீட்டு மாடிக்கு ஜாஸ் வாசிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்கள். காங்கேயம், பெருந்துறை, பொள்ளாச்சிப் பக்கம் கோயில் நோம்பி சாட்டிவிட்டால் அந்த வாரம் வர மாட்டார்கள். மீதிப் பேரில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் சிலர், நாதஸ்வரக் குடும்பத்திலிருந்து சாக்ஸபோன் பக்கம் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். எல்லாருக்கும் சிவரஞ்சனி ராகம் நன்றாகத் தெரியும். அதை ஜாஸ் சோலோவில் வைக்கும்போது மட்டும் எல்லாரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "ஏனுங்ணா, சுரமெல்லாம் சரிதானுங்க, ஆனா பாட்டோட சேர மாட்டேங்குதுங்க."

பல வருடமாக இதே பழுதைப் பார்த்துப் பார்த்து, எந்த அறிகுறிக்கு எதை முதலில் தொட வேண்டும் என்று ஒரு வரிசை எனக்குப் பழகிவிட்டது. நம் பக்கம் கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் உடனே யாரும் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொண்டுபோவதில்லை. ஃபுட் வால்வில் சருகு அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படியே. செலவில்லாததை முதலில் பாருங்கள், ஆள் கூப்பிடுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

## கையில் இருக்க வேண்டிய வரைபடம்

ஜாஸில் எல்லாரும் வாசிக்கும் ஐந்து சுர ஸ்கேல் மோகனமும் அதன் கிரகபேதங்களும்தான் (அதே சுரங்களில் ச-வை வேறு சுரத்துக்கு நகர்த்தினால் வரும் ராகங்கள்). மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி எல்லாம் அந்தக் குடும்பம். மோகனத்தின் காந்தாரத்தை மட்டும் அரைச் சுரம் இறக்கினால் சிவரஞ்சனி: ச ரி2 க2 ப த2. ஜாஸில் அவ்வளவாகப் புழங்காத இந்த ஐந்து சுரம், மைனர் பாட்டில் வரும் 2-5-1 (ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களில் நிற்கும் கார்டுகள்) மூன்று கார்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு கார்டுக்கும் ச இருக்கும் இடம் மட்டும் மாறும்.

சி மைனரில் இப்படி:

- டி ஹாஃப் டிமினிஷ்ட் வரும்போது ச என்பது எஃப், நாலு கட்டை. சுரங்கள்: எஃப், ஜி, ஏ-ஃபிளாட், சி, டி.
- ஜி செவன் வந்து சி மைனருக்குப் போகும்போது ச என்பது ஏ-ஃபிளாட், ஐந்தரைக் கட்டை. சுரங்கள்: ஏ-ஃபிளாட், பி-ஃபிளாட், பி, ஈ-ஃபிளாட், எஃப்.
- சி மைனரில் ச என்பது சி, ஒரு கட்டை. சுரங்கள்: சி, டி, ஈ-ஃபிளாட், ஜி, ஏ.

மற்ற மைனர் சுருதிகளுக்கு இதையே நகர்த்திக்கொள்ளலாம். இதைத் தாளில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிவைத்துவிட்டு, உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: முதல் சுரத்திலிருந்தே எல்லாம் பிசகுகிறது

கீபோர்டு என்றால் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் பாருங்கள். பாடகர் அரைக் கட்டை இறக்கச் சொன்ன இரவில் மைனஸ் ஒன்று வைத்திருப்பீர்கள். சில கருவிகள் அணைத்துப் போட்டாலும் அதை நினைவில் வைத்திருக்கும். திரையில் பூஜ்யம் வர வேண்டும். என்னிடம் இந்த அறிகுறியோடு வந்த கீபோர்டுக்காரர்களில் பலருக்கு வேலை இதோடு முடிந்திருக்கிறது. அப்புறம் டியூனிங் 440-இல் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பழைய பாட்டோடு சேர்ந்து வாசிக்க அதை நகர்த்தியிருப்பீர்கள்.

சாக்ஸபோன் என்றால் மேலே சொன்ன சுரப் பெயர்கள் பியானோவுடையவை. ஆல்ட்டோவில் எஃப், ஏ-ஃபிளாட், சி என்ற மூன்று ச-வும் முறையே டி, எஃப், ஏ ஆகும். டெனரில் ஜி, பி-ஃபிளாட், டி. இதை மனதுக்குள் மாற்றிக்கொண்டே வாசிக்க முயலாதீர்கள். உங்கள் கருவிக்கான தாளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டும் சரி, இன்னும் பிசகுகிறது என்றால் ச-வைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ஜி செவனுக்கு ஜி-யிலிருந்தே சிவரஞ்சனி வாசித்திருப்பீர்கள். இதற்கு ஒரு நொடிச் சோதனை இருக்கிறது. ஜி செவனை ஜி செவனாகக் காட்டுவது பி-யும் எஃப்-பும். உங்கள் ஐந்து சுரத்தில் அந்த இரண்டும் இருக்கின்றனவா? ஜி-யிலிருந்து வாசித்தால் ஜி, ஏ, பி-ஃபிளாட், டி, ஈ வரும். இரண்டுமே இல்லை. அரைச் சுரம் மேலே ஏறி ஏ-ஃபிளாட்டுக்குப் போனால் இரண்டும் வந்துவிடும். மற்ற சுருதிகளிலும் இதே சோதனைதான். டாமினன்ட் கார்டின் (2-5-1-இல் ஐந்தாவது கார்டு, இங்கே ஜி செவன்) மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் கைக்குள் இருக்க வேண்டும்.

இடமும் சரி, ஆனால் சுருதி உறுத்துகிறது என்றால் கிட்டார்காரர்கள் ஆம்பிளிஃபையரின் இரைச்சலைக் கவனியுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 'ம்ம்ம்' ஜி-க்குச் சற்று மேலே, ஜி-க்கும் ஏ-ஃபிளாட்டுக்கும் நடுவில் போய் உட்காரும். நீங்கள் வாசிப்பதோ ஜி கார்டின் மேல் ஏ-ஃபிளாட். காது எதைப் பிடித்துக்கொள்ளும்? ஆம்பிளிஃபையரை அணைத்துவிட்டு வெறும் கிட்டாரில் வாசித்துப் பாருங்கள். உறுத்தல் போய்விட்டால் குற்றம் இரைச்சலுடையது. முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள், பிறகு வேறு பிளக் பாயின்ட்டில் போடுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒயரை மாற்றியும் இரைச்சல் போகவில்லை, கம்பியைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத இடத்தில் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு வாயருகே மைக்கும் வைத்துப் பாடுவது ஆபத்து, சுருதிப் பிரச்சினையைவிடப் பெரியது. கிட்டாரில் வெறும் கம்பி சுருதி சேர்ந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மட்டும் விலகினால் செட்டப் செய்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: நான்கு சுரம் சரி, ஒன்று மட்டும் ஏமாற்றுகிறது

இது பெரும்பாலும் ஆல்ட்டோக்காரர்களுக்கு. ஆல்ட்டோவில் ஐந்தரைக் கட்டைச் சிவரஞ்சனி என்றால் எஃப்-பிலிருந்து வாசிப்பீர்கள். அதில் காந்தாரம் ஏ-ஃபிளாட், அதாவது ஜி-ஷார்ப் கீ. சாக்ஸபோனில் துளையை மூடும் பேட்களில் அடிக்கடி ஒட்டிக்கொள்வது இதுதான். அது திறக்காவிட்டால் ஜி-தான் கேட்கும். பியானோக் கணக்கில் பி வர வேண்டிய இடத்தில் பி-ஃபிளாட். ஜி செவனின் உயிரே போய்விட்டது, நீங்களோ ஸ்கேலைச் சந்தேகிக்கிறீர்கள்.

விரலால் அந்த பேட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். 'பிச்' என்று பிரிந்தால் அதுவே காரணம். மெல்லிய தாளை பேட்டுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, லேசாக மூடி, அப்படியே விடுங்கள். ஈரத்தைத் தாள் எடுத்துக்கொள்ளும். வாசித்து முடித்ததும் உடனே பெட்டியில் வைத்துப் பூட்டாமல் உள்ளே துணி இழுத்துத் துடைத்து வைத்தால் இது குறையும். வாரம் இரண்டு தடவை ஒட்டினாலோ, கீழ்ச் சுரங்களும் சேர்ந்து திக்கினாலோ சாக்ஸபோன் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோங்கள். ஸ்பிரிங்கை நீங்களே வளைக்காதீர்கள்.

கீபோர்டில் ஒரு கட்டை மட்டும் சத்தம் கூடியோ குறைந்தோ வந்தால் உள்ளே ரப்பர் கான்டாக்டில் தூசி. அதையும் அந்த வேலை தெரிந்தவர் திறக்கட்டும்.

## அறிகுறி: தப்பில்லை, ஆனால் சோகப் பாட்டு மாதிரியே இருக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான் அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான். சிவரஞ்சனி என்றதும் நம் காதுக்குத் தமிழ் சினிமாவின் அழுகைக் காட்சிதான் வரும். அந்த நினைவை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். ஆனால் ஜி செவனின் மேல் அது நமக்கு வேண்டிய நிறம் இல்லை.

காரணம் ஒன்று: ச-வில் போய் உட்காருகிறீர்கள். ஃபோனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் எந்தச் சுரத்தில் முடிகிறது என்று மட்டும் தாளில் எழுதிக்கொண்டே கேளுங்கள். ஜி செவன் வரும் இடமெல்லாம் ஏ-ஃபிளாட்டில் முடிகிறதா? அப்படியென்றால் உங்கள் காதில் ஐந்தரைக் கட்டைத் தம்பூரா ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே பேஸ் வாசிப்பவரோ ஐந்து கட்டையில், அதாவது ஜி-யில் நிற்கிறார்.

இதற்கான மருந்து தம்பூரா ஆப்தான். அதை ஐந்து கட்டையில் வையுங்கள், ஐந்தரையில் வேண்டாம். கருவியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஐந்து சுரத்தையும் பாடுங்கள். இப்போது அவற்றின் பெயர் மாறிவிட்டது: ரி1, க2, க3, த1, நி2. ச-வும் இல்லை, ப-வும் இல்லை.

டெனர் வாசிக்கும் ஒரு தம்பி வருகிறான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக நாதஸ்வரம். எந்த ஸ்கேலைக் கொடுத்தாலும் அரை நிமிடத்தில் ஆலாபனை ஆக்கிவிடுவான். ஒருநாள் டெனரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் ஃபோனைத் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டேன், சத்தம் கொஞ்சம் கூடட்டும் என்று. ஐந்து கட்டைத் தம்பூரா சொம்புக்குள்ளிருந்து கணீரென்று வந்தது. ரி, க, க, த, நி என்று பாடச் சொன்னேன். முதல் மூன்று தடவையும் ரி-யைப் பிடித்ததும் அதையே ச ஆக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். சொம்பைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு பாடினான். இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் குரல் தடுமாறியது, ஆனால் கீழே விழவில்லை. பாடி முடித்ததும் கேட்டான்: "ஏனுங்ணா, இதுல நிக்கறதுக்கு எடமே இல்லீங்களே?"

இல்லைதான். அடுத்த கார்டுக்குப் போகத் துடிக்கும் கார்டில் நிற்க இடம் எதற்கு? அந்த இடமின்மை காதுக்குக் கேட்டுவிட்டால் இந்தப் பழுதில் முக்கால்வாசி தீர்ந்தது. தினம் பத்து நிமிடம், ஒரு மாதம் பாடிவிட்டுப் பிறகு கருவியைத் தொடுங்கள். கருவியைத் தொட்டதும் பழைய ச திரும்பி வரும். வந்தால் மறுபடியும் கீழே வைத்துவிட்டுப் பாடுங்கள்.

காரணம் இரண்டு: காந்தாரத்தில் கமகம். ஏ-ஃபிளாட்டிலிருந்து சிவரஞ்சனி வாசிக்கும்போது காந்தாரம் பி. பியானோவும் அதே நேரம் ஜி செவனுக்குள் பி-யை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் அசைத்தால் இரண்டும் உரசும். பி-யை நேராக வாசியுங்கள். அசைவு இல்லாமல் கை வராது என்றால், பி-ஃபிளாட்டில் தொடங்கிப் பி-க்கு ஒரே ஒரு தடவை இழுத்து ஏற்றுங்கள். இரண்டுமே ஸ்கேலுக்குள் இருக்கின்றன. ப்ளூஸ் வாசிப்பவர்கள் மூன்றாம் சுரத்தைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் அசைவும் இதுதான். ஆகவே அது ஜாஸ் காதுக்கு அந்நியமாகப் படாது.

காரணம் மூன்று: நீண்ட சுரம், தாளத்தின் மேலேயே தொடக்கம். முதல் எண்ணிக்கையில் தொடங்காமல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தொடங்குங்கள். எந்தச் சுரமும் ஒரு எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்று ஒரு வாரம் கட்டுப்பாடு வையுங்கள். தொடக்கச் சுரமாக எஃப் அல்லது பி மட்டும். சோகம் பெரும்பாலும் நீட்டுவதில் இருக்கிறது. சுரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

ஆள் தேட வேண்டிய கட்டம்: இரண்டு மாதம் இதைச் செய்தும் பதிவில் வாக்கியங்கள் ஏ-ஃபிளாட்டிலேயே முடிகின்றன என்றால், நேரில் எதிரே உட்கார்ந்து கார்டு வாசிக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். வீடியோப் பாடம் போதாது. நீங்கள் ச-வில் உட்காரும் அந்த நொடியில் எதிரே ஒருவர் கையை நிறுத்த வேண்டும். கர்நாடக சங்கீதத்தை மறக்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் வேறு ஒருவரைப் பாருங்கள். மறக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மருந்தே கிரகபேதக் கணக்கு அறிந்த காதுக்குத்தான் சீக்கிரம் பிடிக்கிறது.

## அறிகுறி: படிக்கட்டு ஏறி இறங்குவது போல இருக்கிறது

ஸ்கேலைக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே வாசிக்கிறீர்கள். சரளி வரிசையில் நின்றுவிட்டீர்கள், ஜண்டையும் தாட்டுவும் பாக்கி. சிறு வயதில் பாடிய தாட்டு வரிசையை அப்படியே இந்த ஐந்து சுரத்தில் போடுங்கள். ஒன்று விட்டு ஒன்று தாவுங்கள்: ஏ-ஃபிளாட், பி, பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், பி, எஃப். பி-யிலிருந்து ஈ-ஃபிளாட்டுக்கு இருக்கும் பெரிய தாவல்தான் இந்த ஸ்கேலின் அழகு. படிக்கட்டாக வாசிக்கும்போது அது மறைந்துபோகிறது.

தாவல் வந்தும் அலுப்பாக இருந்தால் கணக்கைப் பாருங்கள். ஐந்து சுரத்தை நாலு நாலாகவே பிரிக்கிறீர்களா? 'தகதகிட' என்று கண்டத்தில் ஐந்தைந்தாக, நாலு எண்ணிக்கைத் தாளத்தின் மேல் ஓட்டுங்கள். அழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஓரிடம் தள்ளி விழும். கோர்வை வாசித்துப் பழகியவர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. 1960 முதல் 1965 வரை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் பியானோ வாசித்த மெக்காய் டைனரைக் கேளுங்கள். ஐந்து சுர ஸ்கேலில் எவ்வளவு தாவல் இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று புரியும். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் கேட்டு எழுதினால் போதும்.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம். நேரம்தான் செலவு.

## அறிகுறி: ஜி செவனில் நன்றாக இருக்கிறது, சி மைனரில் இறங்கும்போது கால் இடறுகிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். பதிவைக் கேளுங்கள்: கார்டு மாறிய பிறகும் இரண்டு சுரம் பழைய இடத்திலேயே ஓடுகிறதா? அப்படியென்றால் தாமதம். மூன்று கார்டையும் மெட்ரோனோம் 60-இல் வைத்து, ஒவ்வொரு கார்டிலும் நாலே நாலு சுரம் வாசியுங்கள். தாமதம் போகும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

நேரம் சரி, ஆனாலும் இடறுகிறது என்றால் பாலம் இல்லை. வாக்கியத்தை முடித்துவிட்டுப் புதிதாகச் சி-யிலிருந்து தொடங்குகிறீர்கள். இரண்டு ஐந்து சுரத் தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

- ஈ-ஃபிளாட் இரண்டிலும் இருக்கிறது. அசைய வேண்டாம். அங்கிருந்து அரைச் சுரம் இறங்கினால் டி-யும் கிடைக்கும்.
- ஏ-ஃபிளாட் அரைச் சுரம் இறங்கினால் ஜி.
- பி-ஃபிளாட் அரைச் சுரம் இறங்கினால் ஏ.
- பி அரைச் சுரம் ஏறினால் சி.
- எஃப் மட்டும் எந்தப் பக்கமும் ஒரு முழுச் சுரம் போக வேண்டும், ஈ-ஃபிளாட்டுக்கோ ஜி-க்கோ.

ஜி செவனில் உங்கள் கடைசிச் சுரம் எது என்பதைப் பொறுத்து, சி மைனரின் முதல் சுரம் இந்தப் பட்டியலில் இருந்து வரட்டும். பத்து நாள் ஒவ்வொரு பாலமாக வாசியுங்கள்: இன்று முழுக்க ஏ-ஃபிளாட் இறங்கி ஜி, நாளை முழுக்க பி ஏறி சி. எனக்கு மிகவும் பிடித்தது பி-ஃபிளாட் இறங்கி ஏ. சி மைனரில் அந்த ஏ வந்து விழும்போது சோகத்துக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

எஃப்-பில் முடித்துவிட்டு இடறுகிறவர்கள் நிறைய. அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, எஃப்-பிலிருந்து நேராகச் சி-க்குத் தாவாதீர்கள் என்கிறேன். ஈ-ஃபிளாட்டைத் தொட்டுவிட்டுப் போங்கள்.

டி ஹாஃப் டிமினிஷ்டிலிருந்து ஜி செவனுக்கு வரும் பாலம் இன்னும் எளிது. எஃப்-பும் ஏ-ஃபிளாட்டும் பொது. சி இறங்கினால் பி, டி ஏறினால் ஈ-ஃபிளாட். இதில் யாரும் அதிகம் தடுக்கி விழுவதில்லை.

## அறிகுறி: தனியாகச் சரி, பியானோவோடு மோதுகிறது

வாசிப்பதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜி செவன் எங்காவது போகிறதா, இல்லை இங்கேயே நிற்கிறதா?

போகிறது என்றால், சி மைனருக்கு இறங்குகிறது என்றால், ஐந்தரைக் கட்டைச் சிவரஞ்சனி சரி. அப்படியும் மோதினால் பியானோ வாசிப்பவர் ஜி செவனில் ஈ-யையோ ஏ-வையோ சேர்த்து வாசிக்கிறார். உங்கள் ஈ-ஃபிளாட்டும் ஏ-ஃபிளாட்டும் அவற்றோடு உரசும். யாருடைய தப்பும் இல்லை. அவரிடம் போய், "அண்ணா, ஜி செவனை ஆல்டர்டா வாசிங்க" என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். மெல்லிசைக் குழுவிலிருந்து வந்தவர் என்றால் அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். இடக்கையில் ஜி, வலக்கையில் பி, ஈ-ஃபிளாட், எஃப் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

நிற்கிறது என்றால், ப்ளூஸ் மாதிரி ஜி செவனிலேயே நாலு பார் ஓடுகிறது என்றால், ஐந்தரைக் கட்டை எரிச்சலாகத்தான் கேட்கும். ச-வை டி-க்கு மாற்றுங்கள், இரண்டு கட்டை. டி, ஈ, எஃப், ஏ, பி. இதிலும் பி-யும் எஃப்-பும் இருக்கின்றன, ஆனால் ஈ-யும் ஏ-வும் சேர்ந்து வெளிச்சமாக இருக்கும். நிற்கும் கார்டுக்கு இரண்டு கட்டை, போகும் கார்டுக்கு ஐந்தரைக் கட்டை. ஒரே பாட்டில் இரண்டும் வரும். ப்ளூஸின் நாலாவது பாரில் இரண்டிலிருந்து ஐந்தரைக்கு மாறி, ஐந்தாவது பாரில் சி-க்கு இறங்கிப் பாருங்கள்.

சி மைனரில் மட்டும் மோதுகிறது என்றால் பியானோ அங்கே ஏ-ஃபிளாட் வாசிக்கிறது, உங்களிடம் ஏ இருக்கிறது. சி மைனர் சிக்ஸ் வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டின் மெட்டிலேயே ஏ-ஃபிளாட் இருந்தால் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஏ-வைத் தவிர்த்துவிட்டு நாலு சுரத்தில் வாசியுங்கள்.

மூன்றையும் பார்த்தும் மோதல் தீரவில்லை என்றால், அரை மணி நேரம் பியானோ வாசிப்பவரும் நீங்களும் மட்டும் உட்காருங்கள். டிரம்ஸ் வேண்டாம். கார்டை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசிக்கச் சொல்லி, எந்தச் சுரம் உரசுகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி: வீட்டில் வருகிறது, மேடையில் காணாமல் போகிறது

பெரும்பாலும் பேஸ் கேட்காததுதான். இந்த ஸ்கேல் முழுக்கக் கீழே ஓடும் ஜி-யைக் கேட்டு வாசிக்க வேண்டியது. அது கேட்கவில்லை என்றால் காது மறுபடி ஐந்தரைக் கட்டைக்கு ஓடிவிடும். சவுண்ட் செக்கில் சவுண்ட்காரரிடம் உங்கள் மானிட்டரில் பேஸைக் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். மானிட்டரே இல்லாத மண்டபம் என்றால் பேஸ் ஆம்பிளிஃபையருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

பேஸ் கேட்டும் காணாமல் போகிறது என்றால், வீட்டில் ஒரே பேக்கிங் ட்ராக்கோடு ஒரே வேகத்தில் பழகியிருக்கிறீர்கள். ஆப்பில் வேகத்தையும் சுருதியையும் தினமும் மாற்றுங்கள். மூன்று சுருதி நன்றாக வந்தால் போதும். பன்னிரண்டுக்கும் ஓடி எதையும் பிடிக்காமல் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

## அறிகுறி: கை வலிக்கிறது

கீபோர்டில் ஐந்தரைக் கட்டையில் ஏ-ஃபிளாட், பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் மூன்றும் கறுப்பு, பி-யும் எஃப்-பும் வெள்ளை. வலக்கையின் கட்டை விரலைக் கறுப்பில் வைத்து வாசிக்கிறீர்களா என்று பாருங்கள். மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கும், வலி அங்கிருந்து வரும். கட்டை விரல் வெள்ளையில் மட்டும் விழட்டும். இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். திருமண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு முழங்கை கீபோர்டுக்குக் கீழே தொங்கும். வீட்டிலும் அதே மாதிரி உட்காராதீர்கள்.

விரலையும் இருக்கையையும் மாற்றி, சில நாள் ஓய்வு கொடுத்தும் வலி இருந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, இரவில் கூச்சம் எடுத்துத் தூக்கம் கலைந்தாலோ டாக்டரைப் பாருங்கள். என்ன கருவி வாசிக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள். அதுவரை கருவியைத் தொட வேண்டாம். தம்பூராவை ஐந்து கட்டையில் வைத்து, ரி, க, க, த, நி என்று பாடிக்கொண்டிருங்கள்.